சம்பந்தி கொடுத்துவிட்ட பெரணி

மார்ச் 3

நேற்று குன்னூரில் பிருந்தாவுக்கு வளைகாப்பு. இன்று விடியுமுன் கிளம்பி, மதியம் ஒரு மணிக்கு மகளை விருதுநகருக்கு அழைத்து வந்துவிட்டோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம். நான் ஐந்தாம் மாதம் என்றே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் இந்த வீட்டில் தங்கியது மொத்தமே பதினேழு நாள். இனி ஏழு மாதம் எனக்கு மட்டும்.

அவளோடு ஒரு செடியும் வந்திருக்கிறது. சம்பந்தி ரேணுகா கிளம்பும் நேரத்தில் கொண்டுவந்து நீட்டினாள். பெரணி. கறுப்பு நூல் மாதிரிக் காம்பு, கொத்தமல்லி மாதிரி இலை. பூக்காது, காய்க்காது, வாசமும் கிடையாது. ஏசி காற்று நேரே பட்டால் கருகிவிடுமாம். அதனால் காரில் ஏசியைக் குறைத்துவிட்டு, தொட்டியை என் மடியில் வைத்தார்கள். எட்டு மணி நேரம் நான் வேர்த்து ஊற்றிக்கொண்டு வந்தேன். செடி சொகுசாக வந்தது.

மார்ச் 4

பிருந்தா தன் மாமியாரை அத்தை என்று கூப்பிடுவாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘ரேணும்மா’ என்கிறாள். நான் வெறும் அம்மா.

அந்த ரேணும்மா காலையிலேயே வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். செடிக்கு வெயில் ஆகாது, இருட்டும் ஆகாது. ஃபேன் காற்று ஆகாது. மண் காயக்கூடாது, தண்ணீரும் தேங்கக்கூடாது. தட்டில் கூழாங்கல் பரப்பி, நீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைக்க வேண்டும். சுற்றிலும் காற்று ஈரமாக இருக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரோ குடிக்கிற தண்ணீரோதான் ஊற்ற வேண்டும். பிரசவத்துக்கு வந்திருப்பது பிருந்தாவா இதுவா என்று இவரிடம் கேட்டேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் செண்பகராமன், பருப்பு மண்டியில் எடை பார்ப்பவர். எடை பார்க்கிற மனுஷனுக்குச் சொல்லை எடை போடத் தெரியாது. “நல்ல அக்கறையான பொம்பளை” என்றார்.

விருதுநகரில் ஈரக் காற்றுக்கு நான் எங்கே போவேன்? இங்கே துவைத்த துணி அரை மணியில் அப்பளமாகிவிடும். கடைசியில் குளியலறை ஜன்னல் விளிம்பில் இடம் கிடைத்தது. இவர் குளிக்கும்போது அதற்குத் துண்டை மறைத்துக் கட்டுகிறார்.

மார்ச் 9

தினமும் மாலை ஆறு மணிக்கு வீடியோ போன். முதலில் செடியைக் காட்ட வேண்டும். பிறகு வயிற்றைக் காட்ட வேண்டும். பிறகு அரை மணி நேரம் சிரிப்பு. நான் அந்தப் பக்கம் போனால் “அம்மாவும் இருக்காங்க” என்று போனை என் பக்கம் திருப்புகிறாள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன்.

மாடியில் எனக்கு முப்பத்துநாலு தொட்டி. செம்பருத்தி, அரளி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி. எந்தக் குச்சியை ஊன்றினாலும் என் கையில் துளிர்க்கும், தெருவே சொல்லும். பிருந்தா வந்து ஆறு நாளாகிறது. இன்னும் மாடிக்குப் போகவில்லை. படி ஏறக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அது சரிதான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மார்ச் 15

செடி நன்றாக இருக்கிறது. ஏன்தான் இருக்கிறதோ.

மார்ச் 22

பிருந்தாவுக்குக் குனிய முடியவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இன்றிலிருந்து எனக்கு.

குடிக்கிற தண்ணீரை ஊற்றச் சொன்னாள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. மெஷினில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இறங்குவதற்குள் இரண்டு குடத்தைக் குழாய் வழியே கழித்துத் தள்ளும். நல்லதைச் செடிக்கு ஊற்றிவிட்டு நாங்கள் எதைக் குடிப்பது? கழிவுத் தண்ணீரை நான் ஒரு சொட்டு வீணாக்குவதில்லை. நீல வாளியில் பிடித்து வீடு துடைப்பேன், பாத்திரம் கழுவுவேன், மாடிச் செம்பருத்திக்கு ஊற்றுவேன். செம்பருத்தி செத்தா போயிற்று? பெரணிக்கும் அதிலிருந்தே ஒரு சொம்பு ஊற்றினேன். ஒரே மெஷினில் வருகிற தண்ணீர்தானே.

ஏப்ரல் 2

இதை எழுதவே கை கூசுகிறது. பிருந்தாவின் கால் வீங்கியிருக்கிறது. மூன்று நாளாக வீங்கியிருக்கிறதாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாலை ஆறு மணிக்கு அடுத்த அறையிலிருந்து ரேணுகாவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. குன்னூருக்குத் தெரிந்த பிறகுதான் கூடத்துக்குத் தெரிகிறது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். காலைத் தொங்கப் போட்டு உட்காராதே என்று எத்தனை தடவை சொன்னேன், போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தால் வீங்காமல் என்ன செய்யும், உப்பைக் குறை என்றால் ஊறுகாய் கேட்கிறாய் என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து அறைக்குப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எதையும் கேட்க முடியவில்லை.

டாக்டரிடம் கூட்டிப் போனோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

ஏப்ரல் 10

பெரணியின் இலை நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. ரேணுகா வீடியோவில் பார்த்துவிட்டு, “தண்ணி என்ன ஊத்தறீங்க அண்ணி” என்று கேட்டாள். நல்ல தண்ணிதான் மதினி என்றேன். எங்கள் ஊர்ப்பக்கம் சம்பந்தியை மதினி என்போம். அவர்கள் பக்கம் அண்ணி. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

செடி வாட வாட போன் நீளுகிறது. முன்னே அரை மணி, இப்போது முக்கால் மணி.

ஏப்ரல் 13

இவர் மண்டியில் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆர்.ஓ. மெஷின் நல்ல தண்ணீரிலிருந்து பிரிக்கிற உப்பு முழுக்க அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இறங்குமாம். போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகமாம். செம்பருத்தி கெட்டி உயிர், தாங்கும், இளசான செடி தாங்காது என்றார். “மீனா, அந்தப் பெரணிக்கு நீ அதையா ஊத்துற?” என்று கேட்டார்.

அடுப்பில் வேலை இருந்தது.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. பிருந்தாவுக்குப் பிடிக்கும் என்று பலாச்சுளையும் வாங்கி வந்தோம். செடிக்கு வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினேன்.

ஏப்ரல் 20

பிள்ளை பிறந்து நாற்பத்தைந்தாம் நாள் குன்னூருக்குப் போய்விடுவாளாம். சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறாள், அப்பளம் கேட்கிற மாதிரி. இங்கே வெயில் தாங்கவில்லை, குழந்தைக்கு வேர்க்குரு வரும், அங்கே குளிர்ச்சி என்று காரணம். வெயிலுக்கு ஏசி போட்டுக் கொடுத்திருக்கிறோமே என்றேன். அவள் தட்டையே பார்த்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் நானா அவளா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன். அதற்கு பிருந்தா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

“ரேணும்மா எங்கிட்ட கேப்பாங்கம்மா. நீ எங்கிட்ட சொல்லுவ. அவ்வளவுதான் வித்தியாசம்.”

நான் என்ன சொல்லிவிட்டேன் இவளை? எழுந்து கை கழுவச் சொன்னேன், அவ்வளவுதான். எச்சில் கையோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள்?

ஏப்ரல் 21

செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். நீல வாளியிலிருந்து.

ஏப்ரல் 22

ஊற்றினேன்.

ஏப்ரல் 27

குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேனை அணைக்க மறந்துவிட்டேன். மூன்று நாளாக மறந்திருக்கிறேன் போலிருக்கிறது. கூழாங்கல் தட்டில் சொட்டு ஈரம் இல்லை.

மே 1

பெரணியில் பச்சை என்று சொல்ல நாலைந்து இலைதான் மிச்சம். தொட்டால் பொடிகிறது. பிருந்தா குளியலறையில் நின்று அழுதாள். ஒரு செடிக்கு இத்தனை அழுகையா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் போனில் ரேணுகாவிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். “என் மேலதான் தப்பு. நீங்க ஆசையா குடுத்தீங்க, நான் பாத்துக்கல. ஒரு செடிய வச்சிருக்கத் தெரியல, நான் எப்படிக் குழந்தைய வளக்கப்போறேன்?”

அவள் மேல் தப்பு இல்லை. அவள் தண்ணீர் ஊற்றியே ஐந்து வாரமாகிறது. போய்ச் சொல்லிவிடலாம் என்று கதவு வரைக்கும் போனேன். அந்தப் பக்கம் ரேணுகா ஏதோ சொல்ல, பிருந்தா அழுகைக்கு நடுவில் சிரித்தாள். நான் திரும்பி வந்து வெங்காயம் உரித்தேன்.

மே 9

பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். காலை 6.40. பிருந்தா நன்றாக இருக்கிறாள். தெய்வமே.

பதினோரு மணி நேரம் அவள் வலியில் என் கையைத்தான் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் அவள் நகம் பட்ட தழும்பு இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சந்தோஷம். கண் விழித்ததும் அவள் கேட்டது, “ரேணும்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?”

சொல்லிவிட்டோம். முதலில் சொன்னதே அவளுக்குத்தான், இவர் சொல்லிவிட்டார்.

மே 13

வீட்டுக்கு வந்துவிட்டோம். எழுத நேரமில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் நேரமில்லை. இந்தத் தடவை நிஜமாகவே நேரமில்லை.

மே 24

பதினாறாம் நாள், பெயர் வைக்கும் சடங்கு. மாப்பிள்ளை கௌதமும் ரேணுகாவும் நேற்றே வந்துவிட்டார்கள். ‘மகிழினி’ என்று பெயர் வைத்தார்கள். பிருந்தாவும் ரேணுகாவும் எப்போதோ பேசி முடிவு செய்திருக்கிறார்கள், ஆறு மணிப் பேச்சில்தான். நான் ‘மீனலோசனி’ என்று என் பெயரை வைக்கச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் என்னிடமும் கேட்டிருக்கலாம்.

ரேணுகாவைப் பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காது. வந்ததும் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். நான் போட்ட சோற்றை நன்றாயிருக்கிறது என்று மறுமுறை வாங்கிச் சாப்பிட்டாள். அதனால் எனக்கு இன்னும் எரிச்சல்.

காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும். அது தாய்வீட்டுப் பாட்டியின் வேலை, நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குளியலறையில் மணைப்பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் காலில் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் தேய்த்தேன். ரேணுகா துண்டோடு வாசலில் நின்றாள். தண்ணீர் மொண்டு ஊற்றட்டுமா என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் உள்ளே வந்தாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, ஜன்னல் விளிம்பில் தொட்டி அப்படியே இருக்கிறது. ஒரு பச்சை இலை இல்லை. கறுப்புக் காம்புகள், காய்ந்த துரும்புகள், மண்மேல் உப்புப் பூத்து வெள்ளையாக ஒரு வளையம்.

பிள்ளை காலில் இருக்கிறது. எழுந்து மறைக்கவும் முடியாது, ஓடவும் முடியாது.

அவள் அந்த வெள்ளை வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். “உப்புத் தண்ணிங்களா அண்ணி?” என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன்.

“ஆமா. மெஷின்ல கழிச்சு விடுற தண்ணி. தெரியாம மூணு வாரம் ஊத்தினேன் மதினி. தெரிஞ்சு நாலு வாரம் ஊத்தினேன்.”

சொன்ன பிறகு என் காது சூடாகிவிட்டது. அவள் சொம்பில் வெந்நீரை எடுத்துத் தன் கையில் விட்டுச் சூடு பார்த்தாள். பிள்ளையின் முதுகில் மெல்ல ஊற்றினாள். நான் தேய்த்தேன்.

“இந்த ஊர்ல அது வராதுன்னு எனக்குத் தெரியுங்க அண்ணி” என்றாள் பிறகு. “தெரிஞ்சேதான் குடுத்துவிட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

“நல்லா இருக்கற செடிக்கு எதுக்குங்க போன் பண்ணப்போறா? அது வாடினாத்தான எங்கிட்ட கேப்பா.” மறுபடி ஒரு சொம்பு ஊற்றினாள். “கௌதமோட அப்பா தவறிப்போய் ஆறு வருஷமாச்சு. கௌதம் வீட்டுக்கு வந்தா நாலு வார்த்தை பேசுவான். இவ வந்தப்புறந்தான் அந்த வீட்டுல சிரிப்புச் சத்தம். அஞ்சு மாசம் நீங்க வச்சிக்கப்போறீங்கன்னதும் எனக்கு வயிறு எரிஞ்சதுங்க. பெத்தவங்க நீங்க, உங்ககிட்ட நான் என்னன்னு சண்டை போடறது? ஒரு செடியாவது கேக்கட்டும்னு குடுத்துவிட்டேன்.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளை மட்டும் காலில் இல்லாவிட்டால் அந்தத் தொட்டியைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். என் மகள் தன்னால் ஒரு செடியை வளர்க்க முடியவில்லையே என்று நின்று அழுதாள், அது சாக வேண்டும் என்றே ஒருத்தி கொடுத்தாள், ஒருத்தி கொன்றாள். நாங்கள் இரண்டு பேரும்தான் அவளை அழ வைத்திருக்கிறோம். அதை நினைத்ததும் கோபம் யார்மேல் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. அவளைவிட நான் யோக்கியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நாப்பத்தஞ்சாம் நாள் வரேன்னு அவளாத்தான் சொன்னாளுங்க. வேண்டாம்னு நான் சொல்லியிருக்கோணும். சொல்ல மனசு வரல” என்றாள் ரேணுகா. “இப்பச் சொல்லட்டுங்களா? நான் சொன்னா இருப்பா.”

அதுதான் சுருக்கென்று தைத்தது. அவள் சொல்லி என் மகள் என் வீட்டில் இருக்க வேண்டும்.

“வேணாம் மதினி. நானே கேக்குறேன்” என்றேன்.

பிள்ளையைத் துவட்ட அவளிடம் கொடுத்தேன். வேறு வழியில்லை, என் கை இரண்டும் எண்ணெய்.

மே 25

கிளம்புமுன் ரேணுகா கத்தரிக்கோல் வாங்கி, செடியை மண்மட்டத்துக்கு ஒட்ட வெட்டிவிட்டாள். ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றி மண்ணிலிருந்த உப்பையெல்லாம் கழுவி இறக்கினாள். தொட்டியைச் சுற்றி பாலித்தீன் பை ஒன்றைத் தளர்வாகக் கட்டினாள். வேர் செத்திருக்காது, ஒன்றரை மாதம் பொறுங்கள் என்றாள். பிருந்தாவிடம், “வெயிலுக்குப் போயிருச்சு கண்ணு, உன்மேல தப்பில்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தன்னையும் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு நானும் பிருந்தாவிடம் போய், “நீ தண்ணி ஊத்தவே இல்லையேடி, உன் தப்பு எங்கேருந்து வந்துச்சு, நான்தான் தண்ணிய மாத்தி ஊத்திட்டேன்” என்று பாதியைச் சொன்னேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். திட்டவில்லை.

மே 27

கேட்டேன். பால் கொடுத்து முடித்து அவள் சாய்ந்திருந்தபோது, “உனக்கு எப்பப் போகணும்னு இருக்கு?” என்று கேட்டேன். நாலு வார்த்தை. அதைச் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று.

“ஏம்மா, உடம்பு சரியில்லையா?” என்றாள்.

ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன் என்றேன். யோசித்துவிட்டு, ஆடி பிறப்பதற்கு முன் போகலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். நாற்பத்தைந்துக்கு அப்புறம் மூன்று வாரம் கூட. ஆடியில் பிள்ளையோடு புறப்படக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று சொன்னால் இன்னும் ஒரு மாதம் கிடைக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்?

ஜூன் 18

குளியலறைத் தொட்டியில் ஒன்றும் இல்லை. வெறும் மண். தினமும் குடிக்கிற தண்ணீரில் ஒரு தம்ளர் ஊற்றுகிறேன். பிருந்தாதான் காலையில் பையைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னைக்கும் இல்லம்மா” என்று சொல்வாள். பிறகு குழந்தையின் வயிற்றுப்போக்கு, தூக்கம், அவள் வேலைக்குத் திரும்புவது என்று ஏதாவது பேச்சு வரும். மூன்று பேச்சில் ஒரு பேச்சுக்கு நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். மற்ற இரண்டுக்கு முடியவில்லை.

ஆறு மணி போன் நடக்கிறது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறதுதான். ஆனால் அங்கே ஒருத்தி ஐந்தே முக்காலிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது. அதனால் ஆறு மணிக்குக் குழந்தையை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூலை 13

போய்விட்டார்கள்.

செடியை எடுத்துப்போகிறாயா என்று கேட்டேன். வெறும் மண்ணைக் குன்னூருக்குத் தூக்கிக்கொண்டு போவதா, இங்கேயே இருக்கட்டும், துளிர்த்தால் சொல் என்றாள். கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்றேன். உள்ளே வந்து கொடியில் காய்ந்த சின்னச் சட்டை ஒன்றைப் பார்த்தேன், எடுத்துப்போக மறந்திருக்கிறாள். தபாலில் அனுப்பச் சொன்னால் அனுப்புவேன். கேட்டால்தான்.

ஜூலை 14

நேற்றே நல்லபடி போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு நிமிடம் பேசினாள். குழந்தை அழுதது, வைத்துவிட்டாள்.

ஜூலை 16

நேற்று போன் இல்லை. இன்றும் இல்லை. ஆறு மணிக்கு நான் ஏன் கூடத்தில் போனருகே உட்கார்ந்திருக்கிறேன் என்று இவர் கேட்டார். ஃபேன் காற்றுக்கு என்றேன்.

ஜூலை 18

காலையில் பையைத் திறந்தால், மண்ணிலிருந்து சுருண்டுகொண்டு ஒன்று எட்டிப் பார்க்கிறது. குழந்தை விரல் மடக்கிய மாதிரி, இத்தனூண்டு. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே பிருந்தாவைக் கூப்பிட்டேன். மணி அடிக்கும்போதே என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஆசையாக இருந்தது.

எடுத்ததும் அவளே, “என்னம்மா, துளிர்த்திருச்சா?” என்றாள். அவள் குரலில் அவசரம், பின்னால் பிள்ளை சிணுங்கல். ஆமாம் என்றால் சந்தோஷப்படுவாள், வைத்துவிடுவாள்.

“இன்னும் காணோம்டி” என்று என் வாயிலிருந்து வந்தது. “என்ன பண்ணட்டும், நீ சொல்லு.”

பன்னிரண்டு நிமிடம் சொன்னாள். பை மூடியே இருக்க வேண்டுமாம், வெளிச்சம் போதவில்லையோ, தொட்டியை ஜன்னலுக்கு நெருக்கி வைத்துப் பாரம்மா என்றாள். சரி, சரி என்று கேட்டுக்கொண்டேன். நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லி வைத்தாள்.

ஜூலை 19

கேட்டாள். பத்து நிமிடம்.

ஜூலை 23

பத்தொன்பது நிமிடம். செடியில் ஆரம்பித்து, கௌதமிடம் அவளுக்கிருக்கிற ஒரு மனத்தாங்கல் வரைக்கும் வந்தது. ரேணுகாவிடம் அதைச் சொல்ல முடியாதல்லவா, அவன் அவள் பிள்ளை. என்னிடம்தான் சொன்னாள். நான் அறிவுரை சொல்லவில்லை. பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்தார், என் வாய் சும்மா இருப்பதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 2

ரேணுகா கூப்பிட்டாள். என்னை, தனியாக.

“ரெண்டு மாசம் தாண்டிருச்சுங்க அண்ணி. இத்தனை நாள் ஆகாதே” என்றாள்.

நான் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினேன்.

“எத்தனை இலைங்க?”

“அஞ்சு” என்றேன்.

அந்தப் பக்கம் அவள் சிரித்தது கேட்டது. பிருந்தாவிடம் சொல்லப்போவதில்லை என்றாள். பேச்சோடு பேச்சாக, இப்போதெல்லாம் ஆறு மணிக்கு பிருந்தா போனில் என்னோடு உட்கார்ந்துவிடுவதால் பிள்ளை தன் மடியில்தான் இருக்கிறது என்றும், தன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறது என்றும் சொன்னாள். என் நன்மைக்குக் கூப்பிட்டாளா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாளா? போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் எனக்குப் பொருமலாக இருந்தது.

ஆகஸ்ட் 11

பெரணி பதினோரு இலை விட்டிருக்கிறது. குளித்துவிட்டுத் திரும்பினால் தோளில் உரசுகிறது. பையை அவிழ்த்துவிட்டேன், கூழாங்கல் தட்டில் நீர் வற்றவிடுவதில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் வயரை இவரைக் கொண்டே கழற்றியாயிற்று.

நேற்று பிருந்தா வீடியோவில் வந்து, தொட்டியைக் காட்டச் சொன்னாள். நான் எதிர்பார்க்கவில்லை. குளியலறையில் அப்பா இருக்கிறார் என்று சமாளித்துவிட்டேன். இன்று மதியம் மாடியிலிருந்து ஒரு காலித் தொட்டியைக் கொண்டுவந்து, மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து, அந்தப் பழைய பாலித்தீன் பையைக் கட்டி வைத்தேன். இவர் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கூப்பிட்டாள். தொட்டியைத் தூக்கிக் காட்டினேன். அவள் போனில் கண்ணைக் கிட்டே கொண்டுவந்து அந்த வெறும் மண்ணை மூலை மூலையாகப் பார்த்தாள். பக்கத்தில் ரேணுகாவின் கை தெரிந்தது, பிள்ளையின் தலை தெரிந்தது.

“மனசு விட்ராதம்மா” என்றாள் என் மகள். “நாளைக்கும் பாப்போம்.”

சரிம்மா என்றேன்.